உஷார்! பிள்ளையின் மேலுதட்டை இன்றைக்கே தூக்கிப் பாருங்கள்

இதை வாசித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், வெளிச்சமான பக்கமாக மடியில் மல்லாக்கக் கிடத்துங்கள். மேலுதட்டை இரண்டு விரலால் மெதுவாகத் தூக்குங்கள். மேலே முன்பற்கள் நான்கும் ஈறோடு சேர்கிற இடத்தில் மினுக்கமில்லாத ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதா? பால் ஆடை ஒட்டியிருக்கிறது, மாவு ஒட்டியிருக்கிறது என்று நினைத்தால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தும் போகவில்லையென்றால் பல் கரையத் தொடங்கிவிட்டது.

வட்டவளைக்காரருக்கு அட்டையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையில் கொழுந்தெடுக்கும்போது அது கடிப்பது தெரியாது. இரத்தம் வழிந்து காலை நனைத்த பிறகுதான் குனிந்து பார்ப்போம். பால்பல் சூத்தையும் வலிக்காமல்தான் வேலை செய்யும். பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிற இரவில், ஓட்டை பல்லின் உள்ளே இருக்கும் நரம்புவரை போயிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே அந்த வெள்ளைக் கோடு வந்திருக்கும். யாரும் உதட்டைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெள்ளைக் கோடாக இருக்கும்வரை பல்லைத் திருப்பி எடுக்கலாம். புளோரைட் பற்பசை, சீனிக் குறைப்பு, பல் கிளினிக்கில் பூசிவிடும் புளோரைட் வார்னிஷ், இவ்வளவும் சேர்ந்தால் கரைந்த எனாமல் மறுபடி இறுகும். மஞ்சளாகி, மண்ணிறமாகி, பொடிந்து குழி விழுந்துவிட்டால் அந்தக் குழி தானாக மூடாது. கை வெட்டுப்பட்டால் தோல் வளரும், எலும்பு முறிந்தால் பொருந்தும். எனாமலுக்கு அந்தச் சக்தி கிடையாது. சில பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டுக்கும் உடைந்த குட்டைப் பல்லுக்கும் இடையில் ஆறேழு மாதம்தான் இருக்கும். பால்பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லின் எனாமலைவிட மெல்லியது.

ஏன் மேல் முன்பல்லில் தொடங்குகிறது? போத்தல் பால் குடிக்கும் பிள்ளையின் நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொண்டிருக்கும், எச்சிலும் அங்கேதான் ஊறும். மேல் முன்பற்களுக்கு அந்தக் காவல் இல்லை. சூப்பியிலிருந்து வரும் பால் அவற்றைச் சுற்றித்தான் தேங்கும். பகலென்றால் எச்சில் கொஞ்சமாவது கழுவும். தூக்கத்தில் எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சீனி போட்ட பால்மாவை வாயில் வைத்தபடி பிள்ளை தூங்கினால், விடியும்வரை அந்தப் பல் சீனித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். மேல் முன்பல் நான்கும் ஒன்றாகக் கறுத்துப் போன பிள்ளையைப் பார்த்தால், இரவில் போத்தல் கொடுத்தீர்களா என்றுதான் பல் வைத்தியர் முதலில் கேட்பார்.

வாயில் வாழும் கிருமிகளுக்குச் சீனிதான் சாப்பாடு. அவற்றில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது. சீனி கிடைத்த சில நிமிடங்களில் அது அமிலம் விடும். வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலில் உள்ள கல்சியம் கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரைமணி நேரமாவது எடுக்கும். அதற்குள் இன்னொரு மிடறு உள்ளே போனால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே எவ்வளவு சீனி என்பதோடு எத்தனை தடவை என்றும் பார்க்க வேண்டும். ஒரு கோப்பை சீனித் தேத்தண்ணியை ஒரே இருப்பில் குடித்துவிட்டு விளையாடப் போகும் பிள்ளையைவிட, அதே தேத்தண்ணியைப் போத்தலில் வைத்துக்கொண்டு காலை முதல் மாலைவரை சப்பித் திரியும் பிள்ளைக்குத்தான் ஆபத்து கூட. ஒரு டொபியை மூன்று தடவை வெளியே எடுத்துப் பார்த்து மறுபடி வாயில் போடுகிற கெட்டிக்காரப் பிள்ளைக்கும் அதே கதிதான்.

தோட்டத்தில் ஒரு பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் அம்மா வேலைக்குப் புறப்பட வேண்டும். பிள்ளை அழாமலிருக்க ஒரு போத்தல். பிள்ளைக் காம்பராவில் விடும்போது கையில் பிஸ்கட் பக்கட். அங்கே பத்து மணிக்கு ஏதாவது, மதியம் சாப்பாடு, எழும்பியதும் இன்னொரு போத்தல். வேலை முடிந்து வரும் அம்மா, நாளெல்லாம் பிள்ளையைப் பிரிந்திருந்த மனக்குறை தீர லயத்துக் கடையில் ஒரு டொபியோ சிவப்பு ஜூஸ் பக்கட்டோ வாங்கி வருவாள். இரவில் ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கும்போது பிள்ளை அழுதால் எல்லோருக்கும் தூக்கம் கெடும். அதனால் இன்னொரு போத்தல். இதில் எந்த இடத்தில் அம்மாவைக் குற்றம் சொல்வது? மழையில் நனைந்து கொழுந்தெடுத்துவிட்டு வந்தவளைப் பார்த்து ‘உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை’ என்று சொல்கிறவர்கள் ஒரு வாரம் அந்தப் பங்கியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று. கிருமிக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை சீனி கிடைத்தால் எட்டுப் பத்துத் தடவை அமிலம் விடும்.

இப்போது அம்மாயிமாரிடம் வருகிறேன். வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சைக் கேட்கலாம்: ‘நாங்கெல்லாம் பிரஸ்ஸும் பேஸ்டுமா வச்சிருந்தோம்? கரியும் உப்பும்தான். எங்களுக்குச் சூத்தையா வந்துச்சு?’

அம்மாயி பொய் சொல்லவில்லை. அதற்கு உலகம் அறிந்த சாட்சியம் இருக்கிறது, அதுவும் நம்முடைய நுவரெலியா மாவட்டத்திலேயே. 1970இல் நோர்வே நாட்டுப் பல் ஆராய்ச்சியாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்தார்கள். டன்சினன், ஹரோ ஆகிய தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதித்து, 15 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களைப் பார்த்தார்கள். பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாத மனிதருக்கு ஈறு எப்படிக் கெடுகிறது என்று அறிவதே அவர்களுடைய நோக்கம். 1986இல் முடிவு வெளியானது. நூற்றில் எட்டுப் பேருக்கு ஈறும் எலும்பும் வேகமாக அழிந்தன. அவர்கள் 45 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பற்களையும் இழந்தார்கள். 81 பேருக்கு நடுத்தரமான அழிவு. 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. உலகெங்கும் பல் வைத்திய மாணவர் இன்றும் படிக்கிற ஆராய்ச்சி இது. படிக்கும்போது ‘இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்’ என்று கடந்து போவார்கள். நமக்கு அவர்கள் தாத்தா, பெரியப்பா.

அந்த ஆராய்ச்சியில் பக்கவாட்டில் பதிவான ஒரு செய்திதான் இங்கே முக்கியம். அவ்வளவு அழுக்குப் படிந்த, காவி ஏறிய, ஈறு வீங்கிய வாய்களில் சூத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. விழுந்த பற்கள் ஈறு கெட்டு விழுந்தவை. ஓட்டை விழுந்து போனவையல்ல.

கரியும் உப்பும் காத்ததென்று நினைத்துவிடாதீர்கள். முக்கியமான காரணம் அன்றைய சாப்பாடு. அது கூப்பன் காலம். சீனி அளந்துதான் கிடைத்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பட்டினிச் சாவே நடந்தது. தேத்தண்ணியைச் சாயமாகக் குடித்தார்கள். ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக்கொள்வது பெரிய சங்கதி. லயத்துக்குப் பக்கத்தில் டொபிப் போத்தல்கள் வரிசையாக அடுக்கிய கடை கிடையாது. பால்மாப் போத்தலோடு தூங்கும் பிள்ளையும் கிடையாது. கிருமி அன்றைக்கும் இருந்தது, அதற்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. இன்றைக்குப் பேரப்பிள்ளையின் வாயில் அதற்கு மூன்று வேளையும் விருந்து. அம்மாயியின் பல்லைக் காட்டிப் பேரனின் பல்லுக்கு உத்தரவாதம் எழுதாதீர்கள். அந்தப் பல் வளர்ந்த உலகம் வேறு.

2015-16இல் நடந்த தேசிய வாய்ச் சுகாதார ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் சூத்தை இருந்தது. இது இலங்கை முழுவதற்குமான கணக்கு. உலகம் முழுக்க 51 கோடிக்கும் அதிகமான பிள்ளைகளுக்குப் பால்பல் சூத்தை இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் சொன்னது. எல்லோருக்கும் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாத ஒரு காரணம் தோட்டத்துக்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வுப்படி ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாட்டில் நூற்றுக்கு 17.3, தோட்டப்புறத்தில் 31.7. கிளினிக் புத்தகத்தில் நிறைக்கோடு கீழே இறங்கினால் மிட்வைஃப் மிஸ் ‘சாப்பாடு ஊட்டுங்க’ என்பார். அம்மாவும் ஊட்டித்தான் பார்க்கிறாள். கடைவாய்ப் பல் நான்கிலும் ஓட்டை இருக்கும் பிள்ளை ரொட்டியை எப்படி மெல்லும்? சோற்றை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, கடிக்கத் தேவையில்லாத போத்தலையே மறுபடி கேட்கும். போத்தல் வாய்க்குள் போனால் பல் இன்னும் கெடும், பல் கெட்டால் சாப்பாடு இன்னும் குறையும். ‘பிள்ளைக்கு வாய்க்குப் பிடிக்கல’ என்று சொல்லும் எந்தத் தாயிடமும் நான் கேட்பது, வாயைத் திறந்து பார்த்தீர்களா என்பதுதான்.

இன்னொரு பேச்சும் உண்டு. ‘பால்பல்லுதானே, விழத்தானே போகுது.’ முன்பல் ஆறேழு வயதில் விழும், உண்மை. கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. மூன்று வயதில் ஓட்டை விழுந்த கடைவாய்ப் பல்லோடு பிள்ளை இன்னும் ஏழெட்டு வருடம் ஓட்ட வேண்டும். அதைப் பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாயும். பின்னால் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாமல் கோணி முளைக்கும். பிடுங்காமல் சீழ் வைக்க விட்டால், பால்பல்லின் வேருக்கு அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் கறையோடு, குறையோடு வரலாம்.

ஆறு வயதில் ஒரு ஏமாற்று நடக்கிறது, அதற்கும் உஷாராக இருங்கள். கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், சத்தமில்லாமல் பெரிய கடைவாய்ப் பல் ஒன்று முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. எதுவும் விழவில்லையே என்று இதையும் பால்பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். பக்கத்தில் ஓட்டைப் பால்பல் இருந்தால் முளைத்த ஓராண்டிலேயே இதிலும் சூத்தை பிடிக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு நிரந்தரப் பல்லைப் பிடுங்க வேண்டி வருவது இப்படித்தான்.

பல்லில் பூச்சி இருக்கிறது என்று சொல்லி, காதில் புகை விட்டு, உள்ளங்கையில் வெள்ளைப் புழுவை எடுத்துக் காட்டுகிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். பல்லுக்குள் புழு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் உண்டு, அதைக் கையில் வைத்துக் காட்ட முடியாது. கராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைப்பது பெரியவருக்குச் சற்று நேரம் மரக்கச் செய்யும். சின்னப் பிள்ளையின் ஈறில் பட்டால் வெந்துபோகும், விழுங்கினால் ஆபத்து. டிஸ்பிரின் போன்ற அஸ்பிரின் மாத்திரையைப் பல்லில் வைத்து அழுத்துவது இன்னும் மோசம். ஈறைப் பொசுக்குவதோடு, அஸ்பிரின் 16 வயதுக்குட்பட்டோருக்கு வைத்தியர் சொல்லாமல் கொடுக்கவே கூடாத மருந்து. வலி தாங்கவில்லையென்றால் நிறைக்கு ஏற்ற அளவு பரசிட்டமோல் கொடுக்கலாம். அது வைத்தியசாலைக்குப் போகும்வரைக்கும்தான். வலி நின்றுவிட்டது என்று திரும்பிப் படுத்துவிடாதீர்கள். பல்லின் நரம்பு செத்தாலும் வலி நிற்கும், சீழ் சேர்வது நிற்காது.

சரி, என்ன செய்வது?

முதல் பல் வெளியே தெரிந்த நாளிலிருந்து துலக்க வேண்டும். ஆறேழு மாதப் பிள்ளைக்கா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சின்னப் பிரஸ், புளோரைட் பற்பசை. மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு பசை, பிரஸ்ஸில் தடவினது தெரிந்தால் போதும். மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஸ் நீளத்துக்குப் பிதுக்காதீர்கள். அது கடைக்காரருக்குத்தான் நல்லது, பிள்ளைக்கு விழுங்கக் கூடாத அளவு. பற்பசை டியூப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். புளோரைட் 1000 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் என்று இருக்க வேண்டும். பொம்மைப் படமும் பழ வாசமுமாக வரும் சில பிள்ளைப் பற்பசைகளில் அதில் பாதிதான் இருக்கும். படத்தைப் பார்த்து வாங்காமல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

பற்பசையை நான் இவ்வளவு வற்புறுத்த நம்முடைய தண்ணீரும் ஒரு காரணம். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூடிப்போய்ப் பிள்ளைகளின் பல்லில் மண்ணிறக் கறை விழுகிறது. மலைநாட்டில் கதை தலைகீழ். மழை கொட்டிக் கழுவுகிற இந்த மலைகளின் ஊற்றுத் தண்ணீரில் புளோரைட் மிகக் குறைவு. தேயிலைச் செடி மண்ணிலுள்ள புளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் என்பது வேடிக்கையான உண்மை. அதற்காகப் பிள்ளைக்குச் சாயத்தண்ணி கொடுக்கக் கிளம்பிவிட வேண்டாம். சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஏற்கெனவே இரத்தம் குறைந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள்.

இரவுத் துலக்கல்தான் உயிர். காலையில் தவறினாலும் இரவில் தவறக்கூடாது. வட்டவளை இரவில் இது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். நாட்டிலேயே அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று இது. இருட்டில், குளிரில், பீலிக்குக் கூட்டிப்போய் ஐஸ் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்தால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? இங்கேதான் பல் வைத்தியம் நமக்குச் சாதகமாக ஒன்று சொல்கிறது: கொப்பளிக்கவே வேண்டாம். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய புளோரைட்டும் சேர்ந்து போய்விடும். அடுப்படியில், சூடு படும் இடத்தில், பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து வைத்து, பழைய கோப்பை ஒன்றில் துப்பச் சொல்லி வேலையை முடித்துவிடலாம். துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு ஓரத்தைத் துணியால் துடைத்தால் சரி. அரிசி அளவு பசையென்றால் விழுங்கினாலும் பயமில்லை. அதன்பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. ஏழெட்டு வயதுவரை பெரியவர்தான் துலக்கிவிட வேண்டும். தானே துலக்குகிறேன் என்று அடம்பிடித்தால் முதலில் அது துலக்கட்டும், பிறகு நீங்கள் ஒரு தடவை.

இரவுப் போத்தலை நிறுத்துவது சண்டை இல்லாமல் நடக்காது. ஒரே நாளில் பிடுங்கினால் லயமே விழித்துக்கொள்ளும். முதலில் சீனியைக் குறையுங்கள், நாலைந்து நாளில் சீனியே இல்லாமல் செய்யுங்கள். பிறகு பால்மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். கடைசியில் வெறும் தண்ணீர் மட்டும் உள்ள போத்தலைப் பிள்ளை தானே தள்ளிவிடும். இந்தத் தண்ணீர் கலக்கும் வித்தை ஒரு வயது தாண்டிய பிள்ளையின் இரவுப் போத்தலுக்கு மட்டும். பகல் பாலை ஒழுங்கான அளவில், கோப்பையில் கொடுங்கள். ஆறு மாதத்திலிருந்தே கோப்பையில் குடிக்கப் பழக்கினால் இந்தச் சண்டையே வேண்டாம். டின்பாலைச் சூப்பியில் தொட்டுக் கொடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். திரிபோஷாவையும் சீனி கொட்டிப் பிசையாதீர்கள், வாழைப்பழம் போட்டுப் பிசைந்தால் பிள்ளை சாப்பிடும். பாணி மருந்து இரவில் கொடுத்தால் அதற்குப் பிறகு துலக்குங்கள்.

தாய்ப்பாலை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுங்கள். ஒரு வயதுக்குப் பிறகு இரவெல்லாம் மார்பை வாயில் வைத்தபடியே தூங்கவிடாமல், குடித்து முடித்ததும் விலக்கினால் போதும். பல்லை மட்டும் ஒழுங்காகத் துலக்கிவிடுங்கள். அம்மாவின் வாயிலுள்ள சூத்தைக் கிருமி, கரண்டியை நக்கிப் பார்த்து ஊட்டும்போது பிள்ளைக்கு ஒட்டும். ஆகவே வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே அம்மா தன் பல்லைக் காட்டிச் சரிசெய்துகொள்வது நல்லது. கிளினிக்கில் பல் பரிசோதனைக்கு எழுதித் தந்தால் தட்டிக்கழிக்காதீர்கள்.

பிள்ளைக் காம்பரா மிஸ்மாருக்கும் முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் ஒரு வார்த்தை. பத்து மணிக்கு கிறீம் பிஸ்கட்டுக்குப் பதில் அவித்து மசித்த கடலை, பயறு, கிழங்கு கொடுக்கலாம். முழுக் கடலையைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பிறந்தநாளென்றால் வகுப்புக்கே டொபி பிரிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பெற்றோர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் துலக்கிவிடும் வழக்கம் வந்தால் தோட்டத்துக்கே புண்ணியம். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் பிள்ளைக் காம்பராக்களுக்குப் பயிற்சியும் உதவியும் செய்கிறது. பிரஸ்ஸும் பற்பசையும் அதில் கேட்டு வாங்கக்கூடிய பொருள்கள்தான். கடையில் வாங்கும் குளிர்பானப் போத்தலில் சீனிக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டம் போட்டிருக்கும். இந்த விதி 2016இலிருந்து இருக்கிறது. சிவப்பு வட்டத்தைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

வைத்தியம் இலவசம். பல் பிடுங்குவது, அடைப்பது எதற்கும் அரசாங்க வைத்தியசாலையில் காசில்லை. 1950களிலிருந்து இந்த நாட்டில் பாடசாலைப் பல் சேவை இருக்கிறது. அதற்கென்றே மஹரகமவில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் மூன்று வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரையான பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அருகில் எந்தப் பாடசாலையில், எந்த வைத்தியசாலையில் அந்த கிளினிக் இருக்கிறது என்று மிட்வைஃப் மிஸ்ஸிடமோ சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திலோ கேளுங்கள். பெரிய சிக்கலென்றால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை. சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஊசியும் துளைக்கும் மெசினும் இல்லாமல் சூத்தையை நிறுத்தும் சில்வர் டயமைன் புளோரைட் என்ற திரவத்தை உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பூசினால் சூத்தையான இடம் கறுத்துப்போகும். அழகு போகும், வலி போகும், பல் நிற்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது லாபம்தான். கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

காசில்லையென்றாலும் கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போகும், பஸ் செலவு போகும். இதை மறைத்துவிட்டு ‘தாய்மாருக்கு அக்கறை இல்லை’ என்று எழுதுவது நியாயமில்லை. பல் கிளினிக் தோட்டத்துக்கு வரட்டும், இல்லையென்றால் கிளினிக் நாளுக்கு அரைப் பேராவது கொடுக்கட்டும். சங்கத் தலைவர்மார் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இதையும் கையில் எடுத்துப் போகலாமே.

கடைசியாக, பேரையும் பஸ் செலவையும் பார்க்கவே கூடாத நேரம் ஒன்று உண்டு. 2007இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் சூத்தைப் பல்லால் செத்துப்போனான். பல்லில் வைத்த சீழ் மூளைக்குப் பரவியது. 80 டொலர் செலவில் பிடுங்கியிருக்கக்கூடிய பல் அது. ஏழைத் தாய், காப்புறுதி இல்லை, பார்க்கிற வைத்தியர் கிடைக்கவில்லை. அவ்வளவு பணக்கார நாட்டில் நடந்தது.

பிள்ளையின் கன்னமோ தாடைக்கு அடியோ வீங்கினால், வீக்கம் கண்ணை நோக்கி ஏறினால், காய்ச்சலோடு துவண்டு கிடந்தால், வாயைத் திறக்க முடியாவிட்டால், எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டால், மூச்சு இழுத்தால், இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், பத்தாம் திகதி சம்பளம் வரட்டும் என்றும் இருக்காதீர்கள். வீங்கிய இடத்தில் சூடு ஒத்தடம் வைக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், முன்பு மிஞ்சிய மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். வட்டவளை வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கிருந்து நாவலப்பிட்டிக்கோ டிக்கோயா கிளங்கனுக்கோ அனுப்புவார்கள். மூச்சு இழுத்தாலோ எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ வாகனம் தேடி நேரத்தைக் கடத்தாமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்துக்கு வரும் பாதை மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதிலிருந்து வீக்கம், கடைசியாக என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதி அதற்குள் வையுங்கள்.